ஆபீசருக்காக இடித்த கய்யாலை

"ஏட்டி, உனக்கு வேற சோலி ஒண்ணும் இல்லியா? நான் பஞ்சாயத்துல மெம்பரா இருந்து என்னத்தக் கிழிச்சேன்னு இப்ப தெரிஞ்சு என்ன செய்யப்போற? காலேசுல இதுக்கும் மார்க்கு போடுகாவளா?"

பேத்தியை இப்படித் திட்டித்தான் தொடங்கினேன். திட்டினால் எழுந்து போகிற பிள்ளையா அவள்? இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, "அதெல்லாம் வேண்டாம் பாட்டி. சின்னப்பாட்டிக்கு ஏன் வீடு இல்ல? அத மட்டும் சொல்லு" என்றாள். சின்னப்பாட்டி என்று அவள் சொன்னது என் நாத்தனாரை. அவள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

சுனாமி வந்துபோன பிறகு நடந்த தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு முன் என் மகனை நிற்கச் சொல்லி நடையாய் நடந்தவர்கள், மீந்துபோன போஸ்டரை வீணாக்க மனமில்லாத மாதிரி என்னை நிறுத்தினார்கள். ஜெயித்தும்விட்டேன். நான் நாலாம் வகுப்பு வரை போனவள். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொல்லாம்பழம் பொறுக்கினேன். பஞ்சாயத்துக் கூட்டத்தில் நான் தொண்டையைச் செருமினாலே மற்ற மெம்பர்கள் சிரிக்க ஆயத்தமாவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. சாயாவும் வடையும் மட்டும் கிடைக்கிற இடத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கட்டுமே.

எங்கள் ஊர் கருங்கல் டவுனுக்குப் பக்கம். இங்கே வீடுகள் தெருவில் வரிசையாக நிற்காது. அவரவர் தென்னந்தோப்புக்கு நடுவில் அவரவர் வீடு. விளை என்போம். விளையைச் சுற்றி மண்ணைக் குழைத்து வைத்த சுவர், அதுதான் கய்யாலை. இரண்டு விளைகளின் கய்யாலைகளுக்கு நடுவே ஓர் ஆள் தலைச்சுமையோடு போகிற அகலத்தில் நடைவழி. எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு சுவராக வேண்டும்.

எங்கள் விளையைப் பங்கு வைத்தபோது முன்பக்கம் என் வீட்டுக்காரருக்கு வந்தது. பின்மூலை அவர் தங்கைக்கு. அவள் கணவன் கல்ஃபில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டான். பிள்ளை இல்லை. கருங்கலில் ஒரு வாடகை வீட்டில் இருந்து துணி தைத்துக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பின்மூலையில் ஓர் அறையும் அடுக்களையுமாக ஒரு வீடு. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

"ஆரும் ஒழிஞ்சு போன்னு சொல்லாத ஒரு வாசப்படி போரும் மைனி எனக்கு" என்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து பஞ்சாயத்துக்குக் காகிதம் வந்தது. வீடு கட்டுகிற சட்டத்தை மாற்றப்போகிறார்களாம். இனிமேல் பிளான் பாஸ் பண்ணுவது பஞ்சாயத்து இல்லை, நாகர்கோவிலில் உள்ள ஆபீஸ். வீட்டு வாசல்வரை லாரி போகிற அளவுக்கு வழி இருந்தால்தான் அனுமதி. உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள்.

தலைவர் அதை வாசித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"லாரியா? என்னைக் கெட்டிக்கொண்டு வந்த அன்னைக்கு மாப்பிள முன்னால, நான் பின்னாலன்னு ஒத்தை ஒத்தையாத்தான் வந்தோம். சேந்து நடக்க வழி இருந்திருந்தா அன்னைக்கே அவரு மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு ஓடியிருப்பேன்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "தமாசு இல்ல மெம்பரே. இது வந்தா நம்ம ஊருல ஒருத்தனும் இனி வீடு வைக்க முடியாது" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் ஒரே மனதாகத் தீர்மானம் போட்டோம். இந்தச் சட்டம் எங்கள் ஊருக்கு ஒத்துவராது, நம்பாவிட்டால் ஓர் ஆபீசர் நேரில் வந்து பார்க்கட்டும் என்று. யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். காட்டுவதற்கு எங்கள் நடைவழியைத் தேர்ந்தெடுத்தார்கள், நாத்தனாரின் மூலைதான் ஆக உள்ளே இருப்பது என்பதால். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முந்தின நாள் தலைவர் வந்து நடைவழியைப் பார்த்தார். "ஜீப்பு எங்க நிக்கும்?"

"ரோட்டுமேல நிக்கட்டு. அவரு நடந்து வரட்டு."

"அவ்வளவு பெரிய ஆபீசர நடக்க வைக்கியதா? ஊருக்குக் கொறச்சலுல்லா!"

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணக் கார் வந்தாலும் சரி, மாதா கோயிலுக்கு ஆயர் வந்தாலும் சரி, இரண்டு பக்கத்து விளைக்காரர்களும் கய்யாலையை இடித்து வண்டிக்கு வழிவிடுவார்கள். மறுநாள் மண்ணைக் குழைத்துப் பழையபடி வைத்துக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. முடியாது என்று சொன்னால் அது தலைமுறைக்கும் பேச்சாகிவிடும்.

"அவரு நடக்கணும் தலைவரே. எதிரில மாடு வரணும். சாணியில செருப்பு பதியணும். அப்பத்தான் அவருக்கு வெளங்கும்" என்றேன்.

"மெம்பரம்மைக்க தமாசு!" என்று தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நாத்தனாருக்குத்தான் கோபம் வந்தது. "சும்மா இரிங்க மைனி. எனக்காகவுல்லா அந்த மனுசன் வருகாரு" என்று சொல்லி முதல் மண்வெட்டியை அவளே போட்டாள். அடுத்த விளைக்காரனும் தன் பக்கத்தை இடித்தான். சாயங்காலத்துக்குள் வழி பெண்ணழைப்புக் காரே போகலாம் போல ஆகிவிட்டது. மேடு பள்ளத்தில் ஆற்றுமணல் வேறு விரித்தார்கள்.

ஆபீசர் ஜீப்பை விட்டுக் காலைக் கீழே வைத்தது நாத்தனாரின் மூலையில்தான். இளநீர் குடித்தார். ஏத்தங்காய் சிப்ஸ் தின்றார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ரோடு நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"சார் வாறதுக்காவ ஜனங்களே எடம் விட்டது சார்" என்று தலைவர் பெருமையாகச் சொன்னார்.

"சார், நாளைக்கு இதே நேரம் வாருங்க. ரோட்டைத் தேடிக் கண்டுபிடிச்சா ஒரு குலை இளநீ தாறேன்" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். "இந்த அம்மா நல்லாப் பேசறாங்க" என்று தலைவரிடம் சொன்னார். ஜீப் திரும்பிப் போனது. மறுநாள் கய்யாலைகள் பழைய இடத்துக்கு வந்தன.

பிறகு பதில் வந்தது. நேரில் பார்த்தாயிற்றாம். பொதுமக்கள் மனமுவந்து பாதைக்கு நிலம் கொடுத்திருக்கிறார்களாம். ஆகவே புதிய விதியால் இந்த ஊராட்சிக்குச் சிரமம் ஏதும் இல்லையாம். அதை வாசித்த அன்று கூட்டத்தில் யாரும் என் வாயைப் பார்க்கவில்லை.

சட்டமும் வந்தது. நாத்தனார் பிளான் வரைந்து எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போனாள். துணைக்கு நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் காகிதங்களைப் புரட்டினான். "இங்க ரோடு இருக்குன்னு எழுதியிருக்கே. அடைச்சிட்டீங்களா? அடைச்சது தப்பு. திறந்துட்டு வாங்க."

"அது ரோடு இல்ல சார். அந்த சாருக்கு நாங்க செய்த மரியாதை" என்றாள் நாத்தனார்.

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

எங்கள் பக்கத்தை மட்டும் இடித்தால் லாரி போகிற அகலம் வராது. ஊருக்கு வந்ததும் அடுத்த விளைக்காரன் வீட்டுக்குப் போனோம். அவன் எங்களை உட்காரவைத்துச் சாயா கொடுத்தான். "ஒருநாளைக்குன்னா நீங்க கேக்காமலே இடிச்சேன். என்னைக்கும் விடுன்னா எப்பிடி? எனக்கும் ரெண்டு பெம்பிள்ளைய இருக்கு. அதுகளுக்கும் இதே விளைதான்" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கிண்டல் பண்ணக்கூட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து வந்தோம். நடைவழியில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால்.

தலைவர் பதவி முடிந்ததும் மெயின் ரோட்டோரம் மாடி வீடு வைத்தார். அவருக்கு என்ன, லாரி இல்லை, ரயிலே போகலாம். கருங்கலில் வாடகைக்கு விட்டிருந்தவர் அந்த வீடு தன் மகனுக்கு வேண்டும் என்று நாத்தனாரைக் காலி பண்ணச் சொன்னார். தையல் மிஷினோடு எங்கள் உள்ளறைக்கு வந்தாள். அவளுடைய மூலையில் மரச்சீனிக் கிழங்கு நட்டோம். அதற்கு யாரும் பிளான் கேட்பதில்லை.

அவள் வந்த புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எட்டிப்பார்த்தார்கள். ரூபாயும் இருக்கு, நிலமும் இருக்கு, எதுக்கு இந்த வயசில அண்ணன் வீட்டுல ஒதுங்குகா என்று கேட்டார்கள். அவள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ வீடு வைக்கத்தான் நிண்ணா. நான் விடல்ல" என்றேன். "அவளும் போயிட்டா நான் ஆரிட்ட சண்டை பிடிக்கது? உங்களிட்டயா? உங்க ஒருத்திக்கும் அவள மாதிரி வாய் இல்லியே."