களாப்பாகு பஞ்சாட்சரம்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டுப் பாகை வைத்து, மெதுவாக விரல்களைப் பிரித்து, அதில் நீளுகிற கம்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பஞ்சாட்சரம். கம்பி அறுந்துவிடுகிறது. "எண்பதாம் நம்பர்லயே நிக்குது. நாப்பதுக்கு வரட்டும்" என்று சொல்லி அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுகிறார். எண்பது, நாற்பது என்பதெல்லாம் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. பிறந்தது முதல் தறி நூலையே பார்த்து வளர்ந்தவருக்குப் பாகின் பதமும் நூலாகத்தான் தெரிகிறது. "இருபதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான் சார். அப்பாலே கத்தி வெச்சுத்தான் வெட்டணும்."

வருடத்தின் மற்ற நாளெல்லாம் இவர் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மனைவி ரத்தினம்மாள் ஊருக்குப் போய்விட்டால் காபிக்கு எதிர் வீடான எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார். ஆடி பிறந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் குன்றுகளில் பறித்த களாப்பழம் அப்போதுதான் கூடை கூடையாகத் திருத்தணிக்கு வரும். கூடைக்காரி படியால் அள்ளிப்போட வருவாள். இவர் அவள் கையைத் தடுத்துவிட்டு, கறுத்துப் பழுத்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். காம்பு பச்சையாக இருந்தால் கூடைக்கே திரும்பிப் போகும்.

"இன்னா சாமி, பழம் வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?" என்பாள் அவள்.

"ஆங், பொண்ணுக்குத்தான் வாங்கறேன்" என்பார் இவர், தலையைத் தூக்காமல்.

களாவில் பால் உண்டு. பட்டால் கை பிசுபிசுக்கும். அதனால் விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, உப்புத் தண்ணீரில் பழத்தை அலசுவார். புளிப்புக்குப் பித்தளை ஆகாது என்று மண்சட்டி. வெந்ததை மத்தால் மசித்து, தோய்த்துத் தோய்த்து நைந்துபோன பழைய வேட்டியில் வடிகட்டுவார். கனகம்மாசத்திரத்து வெல்லத்தைத் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சுவார். கடைசியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு பாகு வரும். கோதுமை மாவைக் கரைத்து ரத்தினம்மாள் கனமாக வார்க்கிற தோசையின் நடுவில் அதை ஊற்றினால், தோசை குடித்தது போக மிச்சம் ஓரத்துக்கு ஓடிவரும். முதல் வாய்க்கு நாக்கு புளிப்பில் சுருங்கும். இரண்டாவது வாய்க்கு நாமே தட்டை நீட்டுவோம்.

நாங்கள் நீட்டினால் அவருக்கு ஒன்றுமில்லை. தெருவே புகழ்ந்தாலும் "ஆங், ஆங்" என்று ஒதுக்கிவிடுவார். மனைவி நன்றாயிருக்கிறது என்றால் "உனுக்கு இன்னா தெரியும்?" என்பார். அவருக்கு வேண்டியது ஒரே மகள் தேவகியின் தீர்ப்பு. சின்ன வயதிலிருந்தே அவள்தான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நக்கிப் பார்ப்பவள். "சுக்கு ஜாஸ்தி நைனா, தொண்டை காந்துது. இதைப் போய் யார் துன்னுவாங்க?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு பஞ்சாட்சரம் சிரிக்கிற சிரிப்பை எதிர் வீட்டிலிருந்து எத்தனையோ ஆடி பார்த்திருக்கிறேன். எனக்கும் இரண்டு பெண்கள். இருவரும் வந்தவுடன் அம்மாவைத்தான் தேடுவார்கள். நான் பென்ஷனுக்குக் காத்திருக்கும் ஒரு நாற்காலி. இந்த மனுஷனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததுண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த எரிச்சல் இப்போது அவர் வயிற்றுக்கு இடம் மாறிவிட்டது. போன தை மாதம் தேவகிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ராஜகோபால் அரக்கோணத்தில் ரயில்வேயில் ஃபிட்டர். தங்கமான பையன். அவனிடம் இவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அவன் அம்மா கௌரியம்மாளிடம்தான். அதுவும் பங்குனி உத்திரத்துக்கு வந்த தேவகி ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான்.

"எங்க அத்தைகூட களாப்பாகு பண்றாங்க நைனா. கண்ணாடி மாதிரி கீது. பாட்டிலுக்கு அந்தாண்ட கை வெச்சா இந்தாண்ட விரல் தெரியுது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார் என்று ரத்தினம்மாள் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் அரக்கோணத்தில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. தினமும் ரயிலில் போய்வருகிறவன். அது எனக்கு வினையாக வந்து சேர்ந்தது. மாலையில் ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றுவதற்குள் தெருவைத் தாண்டி வந்துவிடுவார். "சம்பந்தியம்மா வீட்டுப் பக்கம் போனீங்களா சார்? கண்ணாடி மாதிரின்னா இன்னா சார் அர்த்தம்? தண்ணியா கீதுன்னுதானே அர்த்தம்?" நான் ஆமாம் என்றால் ஐந்து நிமிஷம் நிம்மதி. பிறகு, "தண்ணியா இருந்தா என் பொண்ணு ஏன் சார் சொல்லப்போறா?" என்று மறுபடி ஆரம்பிப்பார்.

இத்தனைக்கும் பொறாமைக்காரர் அல்ல. கூடப் பிறந்த தம்பி துரைக்கண்ணு பவர்லூம் வாங்கி, மாடி எடுத்துக் கட்டியபோது, கிரகப்பிரவேசத்துக்கு மாவிலைத் தோரணத்தை ஏணியில் ஏறிக் கட்டியவர் இவர்தான். தம்பி வீட்டு மாடியை வந்தவர்களுக்கெல்லாம் தன் மாடி போலச் சுற்றிக் காட்டினார். ஒரு பாட்டில் பாகு மட்டும் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது.

ஆடி வந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்து மாதம் முழுக்க வைத்துக்கொள்வது வழக்கம். "ஒரு மாசம் சார். அந்தப் பாட்டிலை மறக்கடிக்கறேனா இல்லியா பாருங்க. 'நைனா, உன் பாகுதான் பாகு'ன்னு அவ வாயால வரணும்" என்று சபதம் செய்துவிட்டுப் பெண்ணை அழைக்கக் கிளம்பினார். அரக்கோணத்து வழி தெரிந்தவன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கௌரியம்மாள் வாசலிலேயே கும்பிட்டு உட்காரவைத்தாள். மைதாவில் முட்டையும் பாலும் ஊற்றிக் கரைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று சுட்ட தோசைகள் தட்டில் வந்தன. "பான்கேக்குங்க சம்பந்தி. எங்க வூட்டுக்காரர் இருந்த காலத்துல, ஆங்கிலோ இண்டியன் இஞ்சின் டிரைவர் தொரை வூட்டம்மா கத்துக் குடுத்தாங்க" என்றபடி மேலே பாகை ஊற்றினாள். ரத்தச் சிவப்பு. ஓரத்துக்கு வழிந்த பாகின் ஊடாக, தட்டில் வரைந்திருந்த பூ அப்படியே தெரிந்தது. பஞ்சாட்சரம் கிருத்திகை விரதம் என்று சொல்லி முட்டையைத் தவிர்த்துவிட்டார். பாகை மட்டும் ஒரு ஸ்பூனில் வாங்கி நாக்கில் வைத்தார்.

"எப்படி கீதுங்க?" என்று அந்த அம்மாள் ஆசையாகக் கேட்டாள்.

"நல்ல ஸ்பூன்" என்றார்.

கௌரியம்மாள் சிரித்துவிட்டு உள்ளே போய், பாகு நிரம்பிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து தேவகியிடம் கொடுத்தாள். "ஒரு மாசம் இருக்கப்போற. நாக்கு செத்துப்பூடும்." அந்த வார்த்தை பஞ்சாட்சரத்தின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே நான் மூன்று பான்கேக் சாப்பிட்டேன்.

ரயிலில் தேவகியின் மடியில் துணி மூட்டை. பாட்டில் இவர் மடிக்கு வந்துசேர்ந்தது. "கூட்டத்துல உடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாரே தவிர, மகள் பார்க்கிறாளே என்று குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார். அவள் கண் அசந்த நேரத்தில் பாட்டிலை ஜன்னலுக்கு நேராகத் தூக்கி, பின்பக்கம் விரலை வைத்துப் பார்த்தார். விரல் தெரிந்தது. நகத்தின் அழுக்குகூடத் தெரிந்தது. மனிதர் திருத்தணி வரை அந்த விரலையே முறைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலமே அடுப்பு மூட்டினார். அன்று நான் பார்த்தது பழைய பஞ்சாட்சரம் அல்ல. வெல்லம் வேண்டாம், சர்க்கரை. சுக்கு வேண்டாம், அதுதான் கறுக்கிறது. பழைய வேட்டியைத் தூக்கி மூலையில் எறிந்தார். அதனால்தான் கலங்குகிறதாம். தறியிலிருந்து முந்தின நாள் அறுத்த புதுத் துணியை எடுத்து வந்தார். "எண்பதாம் நம்பர்ல நெருக்கி நெய்தது சார். தூசி இல்ல, தூசியோட நெழல்கூட உள்ளே போவாது."

"தேவகி நைனா, அந்தத் துணி..." என்று ரத்தினம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ பேசாதே. இன்னிக்கு யாரும் பேசக்கூடாது."

சரி என்று அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

விடிந்ததும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார். போய்ப் பார்த்தால், சட்டியில் கண்ணாடியும் இல்லை, கறுப்பும் இல்லை. அரிசி கழுவின தண்ணீரில் குங்குமத்தைக் கொட்டினாற்போல ஒரு கலங்கல். கரண்டியை விட்டால் கரண்டி நின்றது. தறிக்குழியில் குனிந்தால் வருமே, அந்த மக்கல் வாடை.

ரத்தினம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "பாவுக்குக் கஞ்சி போட்டது யாரு? நீங்கதானே? தோய்க்காத துணியிலே கொதிக்கக் கொதிக்க ஊத்தினா, அதுல இருந்த கஞ்சியெல்லாம் பாகுல எறங்காம எங்கே போவும்?"

தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி பூசி விறைப்பாக்கித்தான் நெய்வார்கள். நெய்த துணியைத் தோய்க்கிறவரை அந்தக் கஞ்சி அதிலேயே இருக்கும். நெசவுக்காரத் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். காலமெல்லாம் தன் கையால் கஞ்சி காய்ச்சிப் பூசிய மனிதருக்கு அன்றைக்கு அது மறந்தே போய்விட்டது.

கொட்டிவிட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. தோசை வந்ததும் தன் கையாலேயே தேவகியின் தட்டில் அதை ஊற்றினார். ஊற்றவில்லை, விழுந்தது. அவள் ஒரு வாய் போட்டாள். தலையைக் குனிந்துகொண்டு மென்றாள். இன்னொரு வாய் போட்டாள்.

"நல்லா கீது நைனா" என்றாள்.

பஞ்சாட்சரத்தின் முகம் விழுந்துவிட்டது. பாகு கெட்டபோது கூட அவர் அப்படி ஆகவில்லை. அவள் அமைதியாக, மாமியார் வீட்டில் கற்றுக்கொண்ட அடக்கத்தோடு, தோசையை விள்ளி விள்ளி முடித்தாள். கரண்டியும் கையுமாக அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"இன்னா நல்லா கீது?" என்றார் திடீரென்று. "வந்தவங்க மாதிரி பேசறியே! நீ என் பொண்ணா, இல்ல அரக்கோணத்துலேருந்து வந்த விருந்தாளியா? சொல்லுடி!"

தேவகி நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தட்டை ஒரு தள்ளு தள்ளினாள்.

"வாயிலே வைக்க முடியல நைனா! பசையாட்டம் அண்ணத்துல ஒட்டிக்குது. நாத்தம் குடலைப் புடுங்குது. யாரு உன்னை சக்கரை போடச் சொன்னது? சுக்கு எங்கே? அந்தக் கறுப்புப் பாகை நெனைச்சிகினு நான் அங்கேருந்து வரேன், நீ இன்னாடான்னா எங்க அத்தை மாதிரி பண்றேன்னு இப்படிப் பண்ணி வெச்சிகீறே. அவங்க பண்றது அங்கேயே கெடைக்குதே எனுக்கு!"

அவர் சிரித்தார். பழைய சிரிப்பு. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களா சார்? கேட்டீங்களா?" என்று என் தோளை உலுக்கினார். கூடைக்காரி வந்துவிட்டாளா என்று பார்க்க வாசலுக்கு ஓடினார். மூலையில் கிடந்த பழைய வேட்டியை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். பகைக்கு இத்தோடு முடிவு என்றுதான் நானும் நினைத்தேன்.

ரத்தினம்மாள் அடுத்த தோசையைச் சுடச்சுடக் கொண்டுவந்து போட்டாள். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. தேவகி எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். வந்ததிலிருந்து திறக்காத மூடி, பாகு கசிந்து இறுகியிருந்தது. முந்தானையை வைத்துத் திருகிப் பார்த்தாள். வரவில்லை.

"நைனா, தொறந்து குடு."

பஞ்சாட்சரம் வாங்கினார். பாட்டிலை வயிற்றோடு அணைத்து, எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்கத் திருகினார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர் கை நன்றாகத் தெரிந்தது. மூடியை இறுக்குகிற பக்கமாக இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ம்ஹூம், அசையவே மாட்டேங்குது மா" என்று பாட்டிலை மகளிடம் திருப்பிக் கொடுத்தார்.