ரிட்டர்ன் அக்காவின் ப்ரொஃபைல்

பைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ரிட்டர்ன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த பள்ளிக்கூடப் பைகளும் பயணப் பைகளும் அவள் மேசைக்குத்தான் வரும். ஜிப்பை இழுத்துப் பார்ப்பாள், வாரைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பாள், பையை உட்புறமாகத் திருப்பித் தையல்மேல் விரலை ஓட்டுவாள். திருப்தி என்றால் நீல ஸ்டிக்கர். இல்லையென்றால் 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல்லோடு பை வந்த வழியே போகும்.

அவளும் தையல் மெஷினில் ஆரம்பித்தவள்தான். பரிசோதனையை யாரும் சொல்லித்தரவில்லை. கிழிந்துபோன பைகளை வீட்டுக்கு எடுத்துப்போய், எந்த இடத்தில் தையல் விட ஆரம்பித்தது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. கடைக்குப் போனால்கூட அங்கே தொங்குகிற பைகளின் ஜிப்பை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள். கூடப் போகிறவர்களுக்குத்தான் மானம் போகும்.

இந்த மாதத்தோடு தொழிற்சாலையை மூடுகிறார்கள். கணவர் முதுகுவலியால் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார். வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஊரின் மறுகோடியில் ஒரு சூட்கேஸ் கம்பெனி தரப் பரிசோதனைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நேரிலேயே போய் நின்றாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "எல்லாம் ஆன்லைன்லதாம்மா. கம்பெனி சைட்ல உங்க ப்ரொஃபைலைப் போடுங்க. பிடிச்சா அவங்களே கூப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமைதான் கடைசி."

தங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஆபீஸில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"கேளுக்கா. 'இலக்கை நோக்கி உழைப்பவர். குழுவை ஊக்கப்படுத்தும் தலைமைப் பண்பு கொண்டவர்.' எப்படி?"

"யாரைப் பத்திடீ இது?"

"உன்னைப் பத்திதான்."

"என்னைப் பாத்தாலே அந்தக் குழு பாத்ரூம் பக்கம் ஓடும். நான் எங்க ஊக்கப்படுத்தினேன்? எடு அதை."

"சரி. 'புதுமையான சிந்தனை.'"

"தினமும் அதே ஜிப், அதே வார். இதுல என்ன புதுமை? எடு."

"'சின்ன விஷயத்திலும் மிகுந்த கவனம்.'"

"மிகுந்தன்னா எவ்வளவு? யாரு அளந்தா?"

"அக்கா, இது பை இல்ல!"

தங்கை எழுத எழுத இவள் திருப்பி அனுப்பினாள். கடைசியில் திரையில் மிஞ்சியது பெயரும் ஃபோன் நம்பரும்தான்.

"நம்பரையாவது விட்டுவச்சியே, புண்ணியம்," என்றாள் தங்கை.

"ஒரு தடவை அடிச்சுப் பாரு, சரியா இருக்கான்னு."

தங்கை லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "நீயே எழுதிக்கோ தாயே. ஆயிரம் பேர் நடுவுல நீ தனியா தெரியணும். உன் சாதனை என்னன்னு கேக்கறான். சொல்லு பாப்போம்."

"என்னத்தைச் சொல்ல? பை கிழியல. எதுவும் நடக்கல. நடக்காததை எப்படிடீ எழுதறது?"

சொல்லிவிட்டு அவளே எழுத உட்கார்ந்தாள். ஒரு வரி எழுதுவதும் அதை அடிப்பதுமாக நேரம் போனது. அப்புறம்தான் தான் செய்கிற தப்பு அவளுக்கு உறைத்தது. அவர்கள் தொழிற்சாலையில் தைத்தவரே ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. ஆள் குறைந்த நாளில் இவள் மெஷினில் உட்கார்ந்து தைத்தால், அந்தப் பையை வேறொருத்திதான் பார்ப்பாள்.

"என்னை நானே பாஸ் பண்ணக்கூடாதுடீ. வேற கை படணும். அவசரத்துக்கிட்ட கேக்கறேன்."

அவசரம் என்பது லைன் சூப்பர்வைசர். 'லாரி நிக்குது, அவசரம்' என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

"உன்னைக் கண்டாலே எரிஞ்சு விழற ஆளா?" தங்கை அலறினாள்.

"பிடிச்சவங்ககிட்ட குடுத்தா கண்ணை மூடிட்டு ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க."

மறுநாள் அவள் கேட்டதும் அவசரத்துக்குச் சிரிப்பா ஆத்திரமா என்று தெரியாத ஒன்று வந்தது. "இத்தனை வருஷமா என் உயிரை வாங்கிட்டு, இப்போ உங்களைப் பத்தி நான் எழுதணுமாக்கா?"

"உள்ளதை எழுதுங்க தம்பி."

"உள்ளதையா? எழுதறேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது." நின்ற இடத்திலேயே ஃபோனை உடைத்துவிடுவதுபோலத் தட்டி அனுப்பினார்.

'இந்த அக்காவோடு வேலை பார்ப்பது பெரிய தலைவலி. கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், முதலாளியை விட்டே பேசச் சொல்லியிருக்கிறேன். ஒரு பையைக்கூட இவர் கண்ணைத் தாண்டி அனுப்ப முடிந்ததில்லை. ஐந்து முறை லாரியில் ஏற்றிய சரக்கை இறக்க வைத்தார். ஒருமுறை இவர் லீவில் போனார். நிம்மதியாக எல்லாவற்றையும் அனுப்பினேன். அந்தச் சரக்கு மட்டும்தான் திரும்பி வந்தது.'

அவள் நிதானமாகப் படித்தாள். "அஞ்சு இல்ல தம்பி, நாலு. அஞ்சாவது தடவை சரக்கை ஏத்தவே விடலையே."

அவசரம் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதுக்குமா ரிட்டர்ன்?"

ஆனாலும் திருத்தி அனுப்பினார். தங்கைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "தலைவலின்னு போட்டா யாருக்கா வேலை குடுப்பா?"

"இதுல பொய் ஒண்ணும் இல்ல. ப்ரொஃபைல்ல இதையே மேல போடு."

வெள்ளிக்கிழமை மதியம் சூட்கேஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டாள். "தலைவலின்னு எழுதியிருக்காரே, நிஜமாங்க?"

"நிஜந்தாங்க."

"எங்க மேனேஜர் உங்களைப் பாக்கணும்ங்கறார். திங்கட்கிழமை வர்றீங்களா?"

"அங்க போய் எதையும் இழுத்துப் பாக்காதே," என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டு சொல்லியனுப்பினாள். அதே வாட்ச்மேன் இந்த முறை கேட்டைத் திறந்தார். வரவேற்பறையில் பளபளவென்று ஒரு சூட்கேஸை நிறுத்தியிருந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவோ நேரம் உட்கார்ந்து பார்த்தாள். முடியவில்லை.

உள்ளே மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"அதுக்கு முன்னாடி, வாசல்ல நிக்கற அந்த சூட்கேஸை உள்ள எடுக்கச் சொல்லுங்க சார். ஜிப் பாதியில நிக்குது."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தத் தம்பி சரியாத்தான் எழுதியிருக்கார்," என்றார். "ஒண்ணாந்தேதி வந்துடுங்க."