இணைச்சீருக்கு அனுப்பினோம்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் நான் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்தால் தொழிற்சங்கத்தின் பெண்கள் குழு. புருசனிடம் அடிபட்டு வருகிறவர்களை முதலில் நாங்கள் பார்ப்போம். தங்க இடம் கொடுப்பது கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம். கேஸ் நடத்துவது இலவச சட்ட உதவிக் குழுவின் வக்கீலம்மா. தனித்தனியாக மல்லுக்கட்டியது போதும், சேர்ந்து செய்வோம் என்று முடிவெடுத்து, மாதம் ஒரு சனிக்கிழமை சங்க ஆபீசில் கூடினோம். பேசியதை எழுதிவைக்க அமைப்புக்கு ஒரு நோட்டு, மூன்றும் சங்க ஆபீசிலேயே இருக்கும். எங்களுக்கு இருந்த பெருமையைக் கேட்க வேண்டாம்.

அப்படித்தான் ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. பிறந்த வீடு அந்தியூர்ப் பக்கம். கட்டிக்கொடுத்தது இங்கே, ஒரு லேத் பட்டறைக்காரனுக்கு. அவன் அறைந்து அறைந்தே இடது காது கேட்காமல் போயிருந்தது. கடைசியில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடியிருக்கிறான். தேடுகிற நேரத்தில் இவள் ஓடி வந்துவிட்டாள். இல்லத்தில் சேர்த்தோம். தையல் பழகினாள், இரண்டு மாதத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அப்போது அவள் அண்ணன் கல்யாணப் பத்திரிகையோடு சங்க ஆபீசுக்கு வந்தான்.

“ஏனுங்க, எனக்குக் கண்ணாலமுங்க. கூடப் பொறந்தவ இவ ஒருத்திதானுங்க. இணைச்சீர் செய்ய ரண்டே நாளைக்கு அனுப்பி வெய்யுங்க. திங்கக்கெழமை நானே கொண்டாந்து உட்டுப்போடறனுங்க.”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்யாமல் கல்யாணம் கல்யாணமாகாது. எங்கள் அண்ணனுக்கு நானும் செய்திருக்கிறேன்.

மூன்று அமைப்பும் கூடிப் பேசினோம். இல்லத்து சிஸ்டர், கேரளத்துக்காரர், ஒரே பேச்சில் முடித்தார்: “வேண்டாம். அங்கே அவள் புருஷனும் வருவான்.” வக்கீலம்மா, “அண்ணன்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பலாமே” என்றார். எனக்கு சிஸ்டர் மேல் சுருக்கென்று கோபம் வந்தது.

“உங்களுக்கு எங்க சனத்தைத் தெரியாதுங்க சிஸ்டர். பொறந்தவ இல்லாம அவன் எப்படிங்க சபையில நிப்பான்? எங்காளுக சொன்ன சொல்லு மாற மாட்டாங்க. நான் பொறுப்புங்க.”

அந்த அறையில் கொங்குக்காரி நான் ஒருத்திதான். சிஸ்டர் தன் மறுப்பை நோட்டில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் எழுதிக் கொடுத்தான், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பஸ் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அவரு வந்திருந்தா என்னுங்க பண்றது?”

“உங்கண்ணன் இருக்கறாரு, நான் இருக்கறன். போயிட்டு வா கண்ணு.”

திங்கட்கிழமை அவள் வரவில்லை. சங்கம் போய்ப் பார்க்கும் என்று இல்லம் இருந்தது. வக்கீலம்மா நோட்டீஸ் விட்டிருப்பார் என்று நாங்கள் இருந்தோம். இல்லத்திலிருந்து எழுத்தில் வரட்டும் என்று வக்கீலம்மா இருந்தார். மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையின் லட்சணம் அது. ஒன்பது நாள் போனது.

பத்தாம் நாள் ஈரோடு பஸ்ஸைப் பிடித்து அந்தியூர் போனேன். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து நின்று, “வாங்க, மோரு குடிங்க” என்றான்.

“அவ எங்க?”

“மச்சான் கண்ணாலத்துக்கு வந்து பெரியவங்க காலுல எல்லாம் உளுந்து மன்னிப்புக் கேட்டாருங்க. அத்தன சனத்துக்கு முன்னால மாட்டேன்னு எப்படிங்க சொல்றது? சேத்தி வெச்சுட்டாங்க. அப்பவே காருல கூட்டிட்டுப் போயிட்டாருங்க.”

“அவ என்ன சொன்னா?”

“அழுதாளுங்க. பொம்பளைங்க அழுவறதுதானுங்களே.”

“அடப்பாவி!” என்று கத்தினேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. “சத்தம் போடாதீங்க, பொண்ணூட்டுக்காரங்க உள்ள இருக்கறாங்க” என்றான், அதே மரியாதையோடு.

திரும்பி வந்து பட்டறைத் தெருவில் விசாரித்தேன். மூன்று நாளாக அவள் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில். முகம் மட்டும் தப்பியிருந்தது. ஸ்டவ் வெடித்தது என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லியிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று, கேட்கிற காதுப் பக்கமாகக் குனிந்து கேட்டேன்.

“நெசத்தச் சொன்னா அண்ணன் ஊட்டுக்கும் போலீசு போகுமுங்க அக்கா. புதுப்பொண்ணு வந்திருக்கறா.”

மறுநாள் மத்தியானம் செத்துப்போனாள்.

அந்த மாதக் கூட்டத்தில் வக்கீலம்மா அண்ணன் எழுதிக் கொடுத்ததை எடுத்து வைத்தார். எல்லாம் சட்டப்படி சரியாக இருந்தது. சிஸ்டர் எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றி வைத்தார். திட்டித் தொலைத்திருக்கலாம். இனி எந்தக் காரியத்துக்கும் யாரையும் அனுப்புவதில்லை என்று விதி எழுதினோம்.

எல்லோரும் போன பிறகு மூன்று நோட்டையும் புரட்டினேன். அண்ணன் கேட்டது இருந்தது. சிஸ்டர் மறுத்தது இருந்தது. நான் பொறுப்பேற்றது இருந்தது. போகிறாயா என்று அவளைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. எழுத மறந்துவிட்டோம் என்று சொல்ல வழியில்லை. நாங்கள் கேட்கவே இல்லை.