பதினெட்டில் நின்ற புள்ளிகள்

மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் போன கணித ஆசிரியை நான். வீட்டுவேலைக் கொப்பியைத் திறந்தாலே, இது யாரைப் பார்த்து எழுதியது என்றுதான் என் புத்தி முதலில் ஓடும்.

எட்டாம் வகுப்புக்குச் சிதறல் வரைபடம் படிப்பிக்க, பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மழைமானி செய்தோம். கிடை அச்சில் அன்றன்று பெய்த மழை. நிலை அச்சில் அன்று அம்மா எடுத்த கொழுந்து, கிலோவில். பத்து நாள் குறித்து வரச் சொன்னேன். மழை கூடக் கூடக் கொழுந்து குறைந்தது. புள்ளிகள் அங்கும் இங்குமாகச் சிதறினாலும் மொத்தத்தில் கீழே இறங்கின.

ஒருத்தியின் தாளில் மட்டும் பத்துப் புள்ளிகளும் அடிமட்டம் வைத்த மாதிரி ஒரே வரிசை. கொட்டிய மழையிலும் பதினெட்டு, வெயிலிலும் பதினெட்டு. முழு நாள் பெயர் விழ, அதாவது முழுச் சம்பளம் கிடைக்க, எடுக்கவேண்டிய அளவு அது. ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான்.

"இருந்த இடத்திலயே எழுதினனீர், என்ன?"

"ஆமா டீச்சர்" என்றாள்.

அவளோடு ஒரே லயத்து வரிசைவீடுகளில் இருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று எனக்கு உறுத்தியது. ஆனாலும் பிடித்துவிட்ட மிதப்பில் அதை விட்டுவிட்டேன். வரப்போகும் கணிதக் கண்காட்சியில் அந்தத் தாளை மாட்டி, "பொய்த் தரவைக் கண்டுபிடிப்பது எப்படி?" என்று மேலே எழுதப்போவதாகவும் வகுப்பில் அறிவித்தேன். கண்காட்சிக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் வருவதாக இருந்தது.

மறுநாள் பாடசாலை விடும் நேரம் அவளுடைய அம்மா வந்தார். கொழுந்துக் கூடையோடு நேரே மலையிலிருந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க கொழுந்துக் கணக்கு உங்களுக்கு எதுக்குங்க? தொர கேக்கச் சொன்னாரா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பாடத்துக்குத்தான் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள பொய் எழுதலங்க. வழுக்கி விழுந்ததுலேருந்து எனக்குத் தோள்பட்ட தூக்க முடியல. பதினஞ்சு எடுக்கிறதே பெரும்பாடு. நிறுக்கிறதுக்கு முன்னாடி எங்க லயத்துப் பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு பிடி எங் கூடையில போடுவாங்க. பதினெட்டு வந்திருச்சின்னா நிப்பாட்டிருவாங்க. கையால தூக்கிப் பாத்தாலே தெரியும். இத நீங்க செவுத்துல மாட்டுனா தொர ஒரு பார்வையில புடிச்சிருவாரு. அப்புறம் எனக்கு மட்டுமில்ல, போட்டவங்களுக்கும் சேத்துத்தான் பேர வெட்டுவாரு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாளை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்தேன். அவர் துண்டுகளை என் கையிலிருந்து வாங்கி, ஒன்று விடாமல் எண்ணிப் பார்ப்பவர்போல மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கண்காட்சியில் உயரத்துக்கும் கையின் நீளத்துக்கும் போட்ட வரைபடங்களை மாட்டினோம். அவளையே விளக்கம் சொல்ல நிறுத்தினேன். அப்படியாவது ஈடு செய்யலாம் என்று நினைத்திருந்தேன். துரை வந்தார், தலையாட்டினார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"கொழுந்து படம் ஒண்ணு இருக்குன்னு உங்க பாடசாலை அதிபர் சொன்னாரே டீச்சர். எங்கே?"

பிடித்த அன்றே அதிபரிடம் போய்ச் சிரித்துச் சிரித்துச் சொன்னவள் நான்தான். அதை அடியோடு மறந்திருந்தேன்.

"அது பொய்க் கணக்குங்க சார்" என்றாள் அவள். "நாந்தான் சும்மா எழுதிட்டேன். டீச்சர் கிழிச்சிட்டாங்க."

அவளுடைய வகுப்பு முழுக்க அங்கே நின்றது. துரை அவளை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஓம் சார்" என்றேன். "இந்தப் பிள்ளை பொய் எழுதினது."