ஆற்றங்கரை வாங்குகள்

அம்மா தனக்கென்று ஒரு சோடி நடைச் சப்பாத்து கொண்டுவந்த அன்றே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

ஜேர்மன்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமில்லாமல் நடப்பதை யன்னலுக்குள்ளால் பார்த்து, "இதுகளுக்கு வீட்டிலை ஒரு வேலையும் இல்லையோ" என்று சிரிப்பவர் அவர். கடை பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அப்பாவைக் காரை எடுக்கச் சொல்வார். அப்படிப்பட்டவர் சாம்பல் நிறச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிப் பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்கரைக்கு நடக்கப் போவம். நீயும் வாறாய்."

"என்னத்துக்கு?"

"நடக்கிறதுக்கு என்னத்துக்கு எண்டும் ஒரு கேள்வியோ?"

அது 2007ஆம் ஆண்டின் வசந்தம். டோர்ட்முண்டில் மின்னியல் படிப்பை முடித்துவிட்டு ஹம் நகரத்து வீட்டில் இருந்தேன். மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில், அளவீட்டுக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனம் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். வீட்டில் சொன்னபோது அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்பம்" ஒருநாளும் "ஓம்" ஆனதில்லை. பாரிசுக்குப் போன பள்ளிச் சுற்றுலாவும், தோழிகளோடு தனி வீடு எடுக்கும் யோசனையும் அந்தச் சொல்லோடுதான் முடிந்தன.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். இதையும் அப்படியே பார்த்தேன். எங்கள் சனத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில் நடக்கும். தேர்த் திருவிழாவில் அன்னதான வரிசையில் பெண் நிற்பாள். மாப்பிள்ளை பக்கத்தார் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானமில்லை. என் தோழிகள் இரண்டு பேர், கையில் சாப்பாட்டுத் தட்டோடு தங்களுக்குத் தெரியாமலே பார்க்கப்பட்டவர்கள். ஆனால் தேர் கோடையில்தான் வரும். கார்ஹிங்குக்கு நான் பதில் சொல்லவேண்டிய நாள் அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே அம்மாவுக்கு வேறொரு இடம் தேவை.

லிப்பே ஆற்றங்கரைப் பாதை அதற்கென்றே போட்டதுபோல இருந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. சக்கர நாற்காலியும் போகக்கூடிய சரளைப் பாதை. ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஈரப் புல்வெளி, குட்டைகள், நாணல். பறவைகள் முட்டையிடும் இடம் என்பதால் பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று பலகைகள் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு குடும்பம் வந்தால் ஒளியவும் முடியாது, விலகவும் முடியாது. முகத்துக்கு முகம் சந்தித்தே ஆகவேண்டும்.

முதல் ஞாயிறு அப்பா கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். கோழியைத் தவிர வேறெந்தப் பறவையிலும் அவர் அக்கறை காட்டி நான் கண்டதில்லை. அன்றைக்கோ கொஞ்சத் தூரம் நடந்ததும் நின்று, "அங்கை பார், நாரை" என்றார். உடனே அம்மா பக்கத்தில் ஆட்கள் இருப்பதற்கென்று போட்டிருந்த மர வாங்கைத் தட்டித் துடைத்தார்.

"இதிலை கொஞ்சம் இருப்பம்."

இருந்தோம். அம்மா நேரத்தைப் பார்த்தார். எழும்பி நடந்தோம். அடுத்த வாங்கு வந்ததும் அப்பாவுக்கு இன்னொரு நாரை தெரிந்தது. திரும்பவும் இருந்தோம். யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அம்மா தேநீர்ப் போத்தலை வெளியே எடுத்தபோது பைக்குள் எட்டிப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர். கடதாசிக் கோப்பைகளோ ஒரு கட்டு.

இரண்டாம் ஞாயிறு அம்மா நீலச் சட்டையைப் போடச் சொன்னார். நான் சேறு பிடித்த பழைய ஜீன்ஸோடு போனேன். எதிரே வந்த ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தேன். கைத்தடிகளோடு ஒரு முதிய சோடி, நாயோடு ஒரு பெண், நீண்ட கமராவோடு ஒருவர்.

"ஆரைத் தேடுறாய்?" என்றார் அம்மா.

"நீங்கள் ஆரைத் தேடுறியளோ, அவையைத்தான்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாகத் தொலைநோக்கியைத் தூக்கினார். புல்வெளியிலிருந்து ஒரு பறவை கீச்சிட்டு எழும்பியது.

"ஆக்காட்டி கத்துது. ஆரோ வருகினம்," என்றார் அப்பா.

ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தார்கள். தகப்பன், தாய், சட்டைப்பைக்குள் கைகளை விட்டபடி உயரமாக ஒரு இளைஞர்.

"அட, நீங்களோ! இஞ்சை எப்பிடி?" என்றார் அம்மா. நடிப்பு அவருக்கு வராது.

"சும்மா காத்து வாங்குவமெண்டு வந்தம், அக்கா," என்றார் அந்த அன்ரி. அவருடைய காலில் பொன்நிற வார் வைத்த, குதி உயர்ந்த செருப்பு. சரளைப் பாதையில் அதோடு யாரும் சும்மா காற்று வாங்க வருவதில்லை. கோப்பைக் கட்டு வெளியே வந்தது. தேநீரோடு ரோல்சும் வந்தது.

"தங்கச்சி என்ன படிச்சனீங்கள்?"

"மின்னியல்."

"சமையல் தெரியுமோ?"

"அப்பா சமைப்பார், அன்ரி. நான் உப்பு அளந்து குடுப்பன்."

அன்ரி சிரிக்கவில்லை. அவருடைய மகன் கோப்பைக்குள் சிரித்தார். "பிள்ளையள் முன்னாலை நடவுங்கோவன்," என்று அம்மா எங்கள் இருவரையும் அனுப்பிவைத்தார்.

கொஞ்சம் தள்ளி, பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக் குடிசை இருந்தது. உள்ளே போனதும் அந்த இளைஞர் டொச் என்கிற ஜேர்மன் மொழியும் தமிழும் கலந்து பேசினார்.

"உங்களுக்கும் சொல்லேல்லையோ?"

"சொல்லேல்லை. ஆனா தெரியும்."

"எனக்குக் கதிரை வாங்கப் போறமெண்டு சொன்னவை. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் பூட்டு எண்டது காரிலை ஏறினாப் பிறகுதான் ஞாபகம் வந்தது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை. வாசலில் நின்று, நாங்கள் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உங்கட அப்பாவுக்கு எந்தக் கால்?"

"என்ன எந்தக் கால்?"

"பறவை பாக்கிறார்தானே? அந்தப் பக்கம் பறவையே இல்லை."

பார்த்தேன். அப்பாவின் தொலைநோக்கி உழுத வெறும் வயலை நோக்கியிருந்தது. இடது காலைச் சற்று மடக்கி வைத்திருந்தார்.

"நான் ஒரு மறுவாழ்வு மையத்திலை வேலை செய்யிறன்," என்றார் அவர். "நோயாளியளுக்கு நடை பழக்கிறது. இப்பிடிக் கனபேர் வருவினம். டொச்சிலை இதைக் கடைக்கண்ணாடி வருத்தம் எண்டு சொல்லுவினம். காலுக்குப் போற இரத்தம் காணாது. கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் நோகும். றோட்டிலை சும்மா நிக்க வெக்கம் எண்டு, கடைக்கண்ணாடியைப் பாக்கிற மாதிரி நிப்பினம். நடக்கிறதுதான் மருந்து. நோகுமட்டும் நடந்து, ஆறி, திருப்பி நடக்கவேணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "வீட்டிலை சொல்லேல்லையோ?"

வாங்குகள், நேரம் பார்த்தது, சமதரைப் பாதை. எல்லாவற்றையும் நான் கவனித்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டிருந்தேன்.

அவர்கள் விடைபெற்றுப் போன பிறகு, கார் தரிப்பிடத்துக்கு முன்னால் உள்ள கடைசி வாங்கில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இடது கால்தானே?"

அப்பா தொலைநோக்கியை மடியில் வைத்தார். "ஆர் சொன்னது?" என்று அம்மாதான் கேட்டார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ போவியே? அப்பாவுக்குச் சுகமில்லை, இஞ்சையே ஒரு வேலை பாக்கிறன் எண்டு குந்திக்கொண்டிருப்பாய். இந்தாள் நடந்து தேறுதோ எண்டு பாத்திட்டு, போ எண்டு சொல்ல இருந்தனாங்கள்."

"அப்ப அந்தப் பெடியன்?"

"அதுவும்தான்," என்றார் அம்மா, ஒரு கூச்சமும் இல்லாமல். "தனிய அவ்வளவு தூரம் போறாய். போக முதல் ஒண்டைப் பேசி வைச்சா என்ன? எப்பிடியும் நடக்க வாறம், வாற இடத்திலை அதையும் பாத்தா ரெண்டு வேலை ஒண்டாய் முடியும்."

"நோகுதே?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"முதல் வாங்கு வரைக்கும் நோகேல்லை," என்றார். "பிறகு நாரையைப் பாக்கவேணும்."

மறுநாள் காலை கார்ஹிங்குக்கு ஓம் என்று பதில் அனுப்பினேன். அனுப்ப முதல், இனி எந்த மருத்துவரிடம் போனாலும் எனக்குச் சொல்வதாக இருவரிடமும் வாக்கு வாங்கினேன். இளைஞர் வீட்டிலிருந்து சில நாளில் பதில் வந்தது. பெட்டை குறுக்குக் கேள்வி கேட்கிறாவாம். குடிசைக்குள் கேள்வியெல்லாம் கேட்டவர் அந்த இளைஞர்தான். இப்படிச் சொல்லிப் பேச்சை முறித்தது எனக்கு அவர் செய்த இரண்டாவது உதவி.

இலையுதிர் காலத்தில் கார்ஹிங்கில் வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இசார் ஆற்றங்கரையில் நடப்பேன். நடந்தபடி, அவர்கள் நடக்கும் நேரம் பார்த்து அம்மாவின் கைத்தொலைபேசிக்கு எடுப்பேன். வாக்கு வேறு, ஆதாரம் வேறு.

"நடக்கிறியளோ?"

"ஓம், ஓம். நடக்கிறம்."

"இப்ப எந்த வாங்கு?"

"மூண்டாவது."

"முதலாவதிலை இருந்தனீங்களோ?"

"இல்லை."

"ஏன், அதிலை வேறை ஆரும் இருந்தவையோ?"

"என்ன பிள்ளை இது, பொலிஸ்காரன் மாதிரி! வெறும் வாங்குதான். இந்தாள் இருக்காமலே போட்டுது. ரெண்டாவதிலும் இருக்கேல்லை."

"அப்பாவிட்டைக் குடுங்கோ."

அப்பா வந்தார். மூச்சு சீராக இருந்தது. சரளைக் கற்கள் நெரிபடும் சத்தம் அவருடைய குரலுக்குக் கீழே விடாமல் கேட்டது. நடந்துகொண்டேதான் பேசினார். நான் நின்று, அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பின்னால் எங்கோ ஒரு பறவை கீச்சிட்டது.

"ஆக்காட்டி," என்றார் அப்பா. "ஆரோ வருகினம்."

"ஆர்?"

தொலைபேசி கை மாறியது. "ஒருத்தரும் இல்லை. சும்மா நடக்க வந்த சனம்," என்றார் அம்மா. "நீ வை பிள்ளை, பிறகு எடுக்கிறன்."

அவர் எதையோ அழுத்தினார். ஆனால் தொடர்பு அறுபடவில்லை. கடதாசிக் கோப்பைக் கட்டைப் பிரிக்கும் சரசரப்பு கேட்டது. அதற்கு மேலே அம்மாவின் குரல்:

"அட, நீங்களோ! இஞ்சை எப்பிடி?"