லோடு ஆட்டோவில் தொங்கிய கருப்பு மணிகள்

வீடியோ காலில் மணிப்பட்டையை விரித்துக் காட்டியதும் தாண்டெகா திரையை நெருங்கி உற்றுப் பார்த்தார். தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்துப் பெண்; டர்பனில் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் அணியும் மணி வேலைகளை வீட்டுப் பெண்களே கோர்த்துக்கொண்டிருந்தார்கள். தோழிகளின் கழுத்துப் பட்டைகளைக் கோர்க்கும் வேலை மட்டும் பாளையம்பட்டியில் உள்ள எங்கள் மணி யூனிட்டுக்கு வந்திருந்தது. டிப்ளமோ முடித்துத் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் ஆர்டர்.

"கருப்பு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வெள்ளை, சிவப்பு, பச்சை சரியாக இருந்தன. நடுவிலுள்ள டைமண்டு கட்டங்கள் மட்டும் கருப்புக்குப் பதில் அரக்கு.

1. செக்கிங்

மணி சைஸ், வரிசை, நூல் இறுக்கம், நிறம். நான்கையும் எனக்கு முன் இருந்தவர் தாண்டெகாவிடம் அப்ரூவல் வாங்கிய சாம்பிளோடு ஒப்பிட்டிருந்தேன். எல்லாம் பொருந்தின. ஏனென்றால் சாம்பிளும் அரக்கு.

கோர்க்கும் பெண்களில் மூத்தவரான மாரியம்மாக்கா எதையும் மறைக்கவில்லை.

"கல்யாண உருப்படியில யாராச்சும் கருப்பு வைப்பாகளா பாப்பா? அந்தப் புள்ள தெரியாமச் சொல்லிருச்சு. நாங்கதான் மாத்துனோம்."

"சாம்பிள் எப்படிக்கா மாறுச்சு?"

"அதையும் பிரிச்சுக் கோத்தோம். இல்லாட்டி நீ ரிஜெக்ட்டு பண்ணிருவியே."

2. மணிகள் போன இடம்

மிச்சமான கருப்பு மணிகளைத் திருஷ்டிச் சரங்களாக்கி முதலாளியின் புது லோடு ஆட்டோவில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்டோ மல்லாங்கிணறுக்குப் போயிருந்தது. அந்த சைஸ் மணி பக்கத்தில் எங்கும் கிடைக்காது. முதலாளிக்கு போன் செய்தேன். இந்த ஆர்டர் திரும்பினால் யூனிட்டையே மூட வேண்டியதுதான் என்று என்னைக் கடிந்துகொண்டவர், சரத்தை அவிழ்க்க மட்டும் சம்மதிக்கவில்லை.

"அதக் கட்டுனதுலருந்து ஒரு பஞ்சர் இல்லம்மா. பதிலுக்கு ஒண்ணு கட்டாம அவுக்கக் கூடாது."

3. கருப்பு

இந்தப் பட்டைக்கு அடியில் துணி கிடையாது. மணியோடு மணி கோர்த்தே பட்டையாகிறது. நடுவில் நிறம் மாற்ற முழுவதையும் பிரிக்க வேண்டும். தங்களிடம் கல்யாணமான பெண் உடுத்தும் தோல் பாவாடையே கருப்புதான், கருப்பில்லாத பட்டையைத் தோழிகளுக்குப் போட முடியாது என்று தாண்டெகா சொல்லியிருந்தார். அதை அப்படியே கோர்க்கும் பெண்களிடம் எடுத்துச் சொன்னேன்.

"அது அவுக ஊரு. என் கையால வைக்க மாட்டேன்" என்றார் மாரியம்மாக்கா. மற்றவர்களும் ஊசியைக் கீழே வைத்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து கோர்க்கும் சரோஜாக்கா, வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துக்காரர். அவர் சேலைக்குள்ளிருந்து தாலிச் செயினை வெளியே எடுத்துப் போட்டார். இரண்டு பக்கமும் கருகமணி.

"இது என்ன நெறம் மாரி? இதக் கோக்காம எங்க வீட்டுல கல்யாணமே கெடையாது."

மாரியம்மாக்கா குனிந்து பார்த்தார்.

"இம்புட்டு வருசமா பக்கத்துல உக்காந்திருக்க. சொல்லவே இல்லையேடி."

"நீ எங்க கேட்ட?"

"அதான் ஒன் வீட்டுக்காரரு ஒழுங்கா இருக்காரு" என்றபடி மாரியம்மாக்கா ஊசியை எடுத்தார்.

ஆட்டோ திரும்பியதும் சரங்களை அவிழ்த்தோம். பதிலுக்கு அந்த அரக்கு சாம்பிள் பட்டையை முதலாளி தன் கையாலேயே கட்டிக்கொண்டார். மற்றவற்றைப் பிரித்துக் கோர்த்து அனுப்பினோம். கல்யாணப் படம் வந்தது. தோழிகள் எல்லோர் கழுத்திலும் கருப்பு டைமண்டு.

என் செக்கிங்கில் இப்போது இரண்டு வரிகள் கூடுதல். சாம்பிளைப் பூட்டி வை. எந்த நிறம் எதற்காக என்பதைக் கோர்ப்பவர்களிடம் முதல் நாளே சொல்.

ஜூலுக் கல்யாணத் தோழியின் அலங்காரத்தோடு எங்கள் லோடு ஆட்டோ இன்றும் மல்லாங்கிணறு போய் வருகிறது. இதுவரை பஞ்சர் இல்லை.