பெட்டியில் வந்த இலையுதிர்காலம்

அபுதாபியில் என் மகள் படித்த பள்ளிக்கு ஒவ்வொரு வருடமும் இலையுதிர்காலம் விமானத்தில் வந்து இறங்கும். பள்ளியைத் தொடங்கிய ஹைக்கே என்ற ஜெர்மன் பெண்மணி, விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே அமுக்கிய பழுப்பும் மஞ்சளுமான இலைகளைப் பெட்டியில் கொண்டுவருவார். வகுப்பின் மூலையில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் பட்டுத்துணி விரித்து, இலைகளை அடுக்கி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் காற்றையும் மழையையும் பற்றிப் பாடுவார்கள். வெளியே கார்க் கதவின் கைப்பிடியைத் தொட முடியாத வெயில். உள்ளே ஏசிக் காற்றில் அந்த இலைகள் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது, இவர்களுக்குக் கிறுக்கா, இல்லை இதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்றுதான் நினைத்தேன்.

சந்தேகம் என் தொழிலோடு வந்தது. நான் நர்ஸ். டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் மருந்துப் பெயரை இரண்டு தடவை பார்க்காமல் ஊசியில் ஏற்றமாட்டேன். போதாக்குறைக்கு வளைகுடா வாழ்க்கை வேறு. இங்கே யாராவது காரணமில்லாமல் சிரித்தால், அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்றுதான் மனம் ஓடும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ஏஜென்ட், விசா கொடுக்கும் கபீல், ரூம் ஓனர் என்று ஒவ்வொருவர் கையிலும் நம் விதியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், குறைவு என்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு தனி வீட்டில் நடந்த அந்த வில்லாப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியது என் மகள் அபிஷாவின் வாய்க்காக. வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை, முதலில் சேர்த்த பெரிய இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வருடம் முழுக்க. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள், பாத்ரூம் போகக்கூடக் கேட்கமாட்டாள். ஆயிரம் பேருக்கு வாயைத் திறக்கச் சொல்லித் தெர்மாமீட்டர் வைக்கிற எனக்கு என் பிள்ளையின் வாயைத் திறக்கத் தெரியவில்லை. கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லித்தான் ஹைக்கேயின் பள்ளிக்குப் போனேன். வால்டோர்ஃப் முறை என்றார்கள். பரீட்சை இல்லை, டிவி கூடாது, தேன்மெழுகுக் கட்டியால் வரைவார்கள், மாவு பிசைந்து ரொட்டி சுடுவார்கள். காலையில் சூரியனை வாழ்த்தி ஒரு பாட்டும் உண்டு. கத்தோலிக்கக் கடற்கரையில் பிறந்த எனக்கு அந்தப் பாட்டு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சில வாரங்களில் அபிஷா அங்கே பேசினாள். ரொட்டி கருகுது என்று கத்தினாளாம். அதைக் கேட்டு மருத்துவமனை லிஃப்ட்டுக்குள் நின்று அழுதேன்.

பள்ளியை நடத்தியது பெற்றோர்தான். மேசைக்கு மணல்தாள் தேய்ப்பதிலிருந்து வாடகைக்கு இடம் பார்ப்பது வரை எல்லாம் சம்பளமில்லாத வேலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிர்வாகக் குழு. ஹைக்கே தலைவி. ராமி என்ற லெபனான் என்ஜினியர், இரண்டு வெள்ளைக்காரத் தாய்மார். அந்த போர்டில் சேரச் சொல்லி ஒருநாள் என்னைக் கேட்டார்கள். என் கணவர் சேவியர் முசஃபாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் ஃபோர்மேன். அன்று சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அவியளுக்கு உன்ன என்னத்துக்காக்கும்? சம்பளம் உண்டா?”

“இல்ல.”

“சம்பளமில்லாத வேலைக்கு ஆள் தேடுதாவன்னா, நாளைக்கு எதுலயாவது கையெழுத்துப் போடச் சொல்லுவாவ. பாத்துக்க பிள்ள.”

“உள்ள இருந்தாத்தானே என்ன நடக்குன்னு தெரியும்.”

அப்படி வேவு பார்க்கத்தான் நான் போனேன். முதல் கூட்டத்திலேயே பள்ளியின் லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். நர்சரிக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும் என்றார் ஹைக்கே. “இன்ஷா அல்லாஹ்,” என்றார் ராமி. இங்கே சில வருடம் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தை எந்தெந்தக் குரலில் சொன்னால் என்ன பொருள் என்று தெரியும். ராமி சொன்ன குரலில் லைசென்ஸ் வருகிற மாதிரி இல்லை.

அந்த போர்டில் ஓட்டெடுப்பு கிடையாது. எந்த முடிவானாலும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் முடிவு இல்லை. பெரிய டாக்டர் சொன்னால் தலையாட்டியே பழகிய எனக்கு இது விசித்திரம். என்னிடம் வரும்போதெல்லாம் “சம்மதம்” என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை மட்டும் யோசனை சொன்னேன். வில்லா முற்றத்தில் ஒரு வாதாமரம் நின்றது. இலை சிவந்து சிவந்து உதிரும், தினமும் கூட்டி அள்ளிக் கொட்டுவார்கள். மேசைக்கு அந்த இலையை வைக்கலாமே என்றேன். ஹைக்கே அன்பாகச் சிரித்தார். “அது இலையுதிர்காலம் இல்லை ஸ்டெல்லா. அது சும்மா உதிர்கிறது.”

அடுத்த வருடம்தான் வம்பு தொடங்கியது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்வரை பிள்ளைக்கு எழுத்தும் வாசிப்பும் கூடாது என்பது அவர்கள் முறை. பள்ளியில் மட்டுமல்ல, வீட்டிலும் யாரும் சொல்லித்தரக் கூடாது என்று போர்டில் பேச்சு வந்தது. குழந்தைக்கு நேரம் இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள் என்றார் ஹைக்கே. குழந்தைக்கு நேரம் இருக்கிறது, எங்கள் விசாவுக்கு இல்லையே என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றுபோன காலம் அது. அங்கே ஜெபல் அலி பக்கம் வேலை குறைந்தால் முசஃபாவில் வெல்டிங் தீப்பொறியும் குறையும். சேவியரின் கம்பெனியில் ஆட்களை லீவில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், போனவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. நாளைக்கே நாகர்கோவிலுக்குத் திரும்பினால், ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று எந்தக் கான்வென்ட் சிஸ்டரிடம் போய்ச் சொல்வேன்? எல்.கே.ஜி. குழந்தைகளோடு உட்காரச் சொல்வார்கள். ஜெர்மனிக்குத் திரும்பினாலும் ஹைக்கேயின் முறையில் நடக்கும் பள்ளி அவருக்குக் காத்திருக்கும். என் பிள்ளைக்கு எங்கே காத்திருக்கிறது? வாய்விட்டுச் சொல்ல என் முறை வந்தது. “சம்மதம்,” என்றேன்.

மறுவாரமே ட்யூஷனில் சேர்த்துவிட்டேன். இதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. ட்யூஷன் டீச்சர் எங்கள் பிளாட்டுக்கு மேல்மாடியில் இருந்த சாந்தியக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே ஆசிரியையாக இருந்தவர். “பிள்ளை கெதியாப் பிடிக்கிறாள். ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் விட்டனீங்கள்?” என்று என்னையே குற்றவாளியாகப் பார்த்தார். அபிஷாவிடம், இதை ஸ்கூலில் சொல்லாதே என்றேன். அதைக் கேட்டுச் சேவியர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பேசாத பிள்ளையப் பேசவைக்க ஒரு பள்ளிக்கூடம். இப்ப நீயே வாயப் பொத்தச் சொல்லுத.”

பிறகு ஒருநாள் காலை வில்லாவின் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேலே அரபி, கீழே ஆங்கிலம், ஓரத்தில் முத்திரை. பெற்றோர் எல்லாரும் சுற்றி நின்றோம். ஒருவரும் வாய்விட்டு வாசிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அபிஷா அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு மணி அடித்தாற்போன்ற குரலில், விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு, “திஸ்... வில்லா... இஸ்... நாட்... லைசென்ஸ்டு...” என்று தொடங்கி, திக்கினாலும் விடாமல், கடைசி வரியில் இருந்த “க்ளோஸ்” வரைக்கும் வாசித்து முடித்தாள். இத்தனை பேர் முன்னால் என் மகள் குரல் எடுத்தது அதுதான் முதல் தடவை. என் பிள்ளை என்று தூக்கிக் கொஞ்ச வேண்டிய நேரம். நானோ அவள் வாயைப் பொத்துவதா வேண்டாமா என்று கையைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாத் தலைகளும் காகிதத்தை விட்டு எங்கள் பக்கம் திரும்பின.

“மம்மி, க்ளோஸ்னா நம்ம ஸ்கூலையா?” என்று கேட்டாள்.

அன்று மாலை போர்டு கூடியது. ஹைக்கே வழக்கம்போல மெழுகுவர்த்தி ஏற்றினார். இரண்டு கேள்விகள் என்றார். அரசாங்கத்திடம் சொன்னது யார்? இந்தக் குழந்தைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? ஒவ்வொருவராகப் பேச வேண்டும். இரண்டாவது கேள்விக்கு நான்தான் என்றேன். முதலாவதற்கு நான் இல்லை என்றேன். ஒரு வெள்ளைக்காரத் தாய் மெதுவாகச் சொன்னார், “முதல் கூட்டத்திலேயே லைசென்ஸைப் பற்றிக் கேட்டது நீங்கள்தான்.” கேட்டது நான்தான். சம்மதம் என்று சொல்லிவிட்டு ட்யூஷன் அனுப்பியதும் நான்தான். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் என்னைத்தான் பிடித்திருப்பேன். ராமி நெஞ்சில் கை வைத்து, “நம்பிக்கை உடைந்துவிட்டது,” என்றார்.

வெளியே டாக்ஸி பிடிக்கப் போனபோது அதே ராமி பின்னாலேயே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “சிஸ்டர், அந்த டீச்சர் நம்பர் கொடுக்க முடியுமா? என் பையனுக்கு. யாரிடமும் சொல்ல வேண்டாம்,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. கொடுத்தேன். காட்டிக்கொடுத்தது இவராக இருக்குமோ என்று அன்றைக்கு எழுந்த சந்தேகம் இன்னும் போகவில்லை. அவருக்கும் என்மேல் போயிருக்காது.

பள்ளி மூடியது. ஒரு வெள்ளிக்கிழமை, அபிஷா விட்டுவந்த பின்னல் ஊசிகளையும் கம்பளி நூலையும் எடுத்துக்கொண்டு ஹைக்கே எங்கள் பிளாட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, எனக்கு ஒரு கதை வாசித்துக் காட்டு என்று அபிஷாவிடம் கேட்டார். அவள் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள், அவர் கடைசிப் பக்கம் வரை கேட்டார். “இந்த வயதுக்கு இது சீக்கிரம். ரொம்பச் சீக்கிரம்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்று, “நீங்கள் சொல்லவில்லையே?” என்றார். “இல்லை,” என்றேன். தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியாது. இரண்டு வருடம் அந்தப் பெண்மணிக்கு இதில் என்ன லாபம் என்று துருவிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. லாபமே இல்லாமல் ஒருவர் என் பிள்ளையின் வாயைத் திறந்துவைத்தார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் ஆனது.

சேவியரின் வேலை அந்த வருடமே கலாஸ். அவரும் அபிஷாவும் நாகர்கோவிலுக்குப் போனார்கள். என் சம்பளம் நிற்கக் கூடாது என்று நான் தங்கிவிட்டேன். சேர்க்கைக்குப் போன இடத்தில் சிஸ்டர் நீட்டிய பாடத்தை அபிஷா கடகடவென்று வாசித்தாளாம். நேராக இரண்டாம் வகுப்பு. சாந்தியக்காவுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். சில வாரம் கழித்து சிஸ்டரிடம் போனில் பேசினேன். “வாசிக்கச் சொன்னா அழகா வாசிக்கிறா,” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், “ஆனா பேச மாட்டேங்கிறாளே. வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

என்னிடம் போனில் பேசுவாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் கிளம்புவதற்கு முன், என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். சாக்லேட், பொம்மை என்று நான் அடுக்க அடுக்க, வேண்டாம் என்றாள். “ஹைக்கே மிஸ் அவங்க ஊர்லேர்ந்து இலை கொண்டு வருவாங்கல்ல. நீ நம்ம ஊர்லேர்ந்து கொண்டு வா. க்ளாஸ்ல மேசைல வச்சுக் காட்டிச் சொல்லணும்.”

சொல்லணும் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாள் டியூட்டி முடிந்ததும் டாக்ஸி பிடித்து அந்த வில்லாவுக்குப் போனேன். பெண்கள் அழகு நிலையமாகியிருந்தது. வாதாமரம் அப்படியே நின்றது. குனிந்து சிவப்பு இலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து, “க்யா சாஹியே?” என்று மிரட்டினார். “பத்தா, பாய். பத்தா சாஹியே,” என்று கையிலிருந்த இலையைக் காட்டினேன். என் கைப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, கேட்டைத் தாண்டும்வரை பின்னாலேயே வந்தார்.

திருவனந்தபுரத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். செய்தித்தாளைப் பிரித்தார். ஒவ்வொரு இலையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நடுவே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவினார், முகர்ந்தார். “உடைச்சிடாதீங்க சார்,” என்றேன். அது அவருக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது.

“வாதா இலை. என் வீட்டு முற்றத்தில் தினமும் கூட்டிக் கொளுத்துகிறோம். இதையா கல்ஃபிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறாய்?” என்று மலையாளத்தில் கேட்டார். “உண்மையைச் சொல். யாருக்கு?”

“மகளுக்கு, சார். ஊரிலிருந்து இலை வேணும்னு கேட்டா.”

அவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த ஊர் எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்த ஊரிலிருந்து?” என்றார்.